ஏழாவது நிபந்தனை

ஜனவரி 9

டெண்டர் பிரிவு உதவியாளர் அவர்களுக்கு,

அன்புள்ள என்று ஆரம்பிக்க இன்றைக்கு மனசு வரவில்லை. முன்னால் இடம் விட்டிருக்கிறேன். கோபம் ஆறினால் சேர்த்துக்கொள்ளலாம்.

உங்கள் போக்குவரத்து இலாகாவின் டெண்டர் புத்தகம் வந்து சேர்ந்தது. எண்பத்திரண்டு பக்கம். பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்கு எழுத்து நிற்பதில்லை, ஓடுகிறதாம். அதனால் நான்தான் உரக்கப் படித்தேன். பத்தொன்பதாம் பக்கத்தில், தகுதி நிபந்தனைகளில் ஏழாவதாக ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பஸ் ஓட்ட முன்வருபவர் மூன்று வருடம் தொடர்ந்து, ஒரு நடைக்கு இருநூறு கிலோமீட்டருக்குக் குறையாத நெடுந்தூரச் சேவை நடத்தியிருக்க வேண்டும். பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள வண்டி இருபத்தைந்து சொந்தமாக இருக்க வேண்டும்.

அப்பா கேட்டார்: “நம்ம தடம் கடைசி ஸ்டாப் வரைக்கும் எத்தனைம்மா?”

“பதினாலு கிலோமீட்டர்ப்பா.”

“அப்ப இருநூறுன்னா?”

“ஏழு தடவை போயிட்டு வந்தாலும் நாலு குறையுதுப்பா.”

பாதி வாயால் சிரித்தார். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். டிரைவர் பொறுமை அண்ணனிடம் சொன்னேன். ஹாரன் அடிக்காத மனுஷன், அவருக்கே கோபம் வந்துவிட்டது. “ஆஸ்பத்திரி முக்குல பன்னெண்டு மீட்டர் வண்டியத் திருப்பணும்னா மருந்துக்கடைக்குள்ள பூந்துதான் வெளிய வரணும்” என்கிறார்.

பத்தொன்பது வருடமாக அப்பாவின் ஏழு சின்ன வண்டிகள் ஓடுகிற தடங்கள் இவை. ஜூனோடு பெர்மிட் முடிகிறது. அதற்கப்புறம் இலாகாவோடு ஒப்பந்தம் போட்டவர்கள் மட்டும்தான் ஓட்டலாம். இந்த நிபந்தனை நின்றால் வண்டிகளை விற்க வேண்டியதுதான், வேறு வழியே இல்லை.

இதை எழுதிய கை எது என்று எனக்குத் தெரியாதா? இரண்டு வரிக்கு ஒரு ‘மேற்படி’ போடுகிற ஆள் அந்தக் கட்டடத்தில் ஒருவர்தான். கல்யாணப் பத்திரிகையிலேயே ‘மேற்படி மணமகள்’ என்று எழுதப் பார்த்தவர். ஏங்க, எழுதும்போது ஒரு நிமிஷம்கூடவா என் ஞாபகம் வரவில்லை?

கோர்ட்டுக்குப் போகிறேன். வக்கீல் அம்மா உங்களோடு போனில் பேசக் கூடாது என்றுவிட்டார். எத்தனை நிமிஷம் பேசினோம் என்பதெல்லாம் வெளியே வருமாம். கடிதம் எழுதலாமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் வேண்டாம் என்பார்.

டெண்டர் படிவத்தில் ‘இலாகாவில் உறவினர் உண்டா’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. உண்டு, கணவர் என்று நிரப்பினேன். பத்து மாதத்தில் அந்த ஒரு கட்டத்தில்தான் நான் மனைவியாக இருந்திருக்கிறேன் போலிருக்கிறது.

சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினீர்களா, இன்னும் சொட்டுகிறதா?


ஜனவரி 20

அன்புள்ள முதலாளிக்கு,

நீ விட்டிருந்த இடத்தில் ‘அன்புள்ள’வை நானே எழுதிச் சேர்த்துவிட்டேன். கோபம் ஆறாவிட்டால் அடித்துக்கொள்.

நீ அந்தக் கட்டத்தை நிரப்பிய மறுவாரமே என்னை டெண்டர் பிரிவிலிருந்து தூக்கித் தபால் பிரிவில் போட்டுவிட்டார்கள். நியாயம்தான். வருகிற கவர்களுக்குத் தேதி முத்திரை குத்துவது என் வேலை. உன் வழக்கின் நோட்டீஸும் என் மேஜைக்குத்தான் வந்தது. மனுதாரர் என்று நீ, எதிர்மனுதாரர் என்று நாங்கள். குத்தினேன், முத்திரை கோணலாக விழுந்தது. பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்து, “சார், சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார். முகத்தில் தெரிந்திருக்கும்.

ஏழாவது நிபந்தனையைப் பற்றி நான் எதுவும் எழுதக் கூடாது. கோபித்துக்கொள்ளாதே.

குழாய் சொட்டுகிறது. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். வீட்டில் வேறு சத்தமே இல்லை. உன் பச்சை செருப்பு வாசலில் அப்படியே இருக்கிறது, பெருக்கும்போது எடுத்துப் பெருக்கிவிட்டு அதே இடத்தில் வைக்கிறேன். கட்டிலில் உன் பக்கம் துணிமணி மடித்து வைக்கிற இடமாகிவிட்டது. காலியாகக் கிடந்தால் பார்க்க முடியவில்லை.

ஒன்று சொல்கிறேன். வழக்கு தோற்றால்தான் என்ன? வண்டிகளை விற்றுவிட்டு மாமாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு. வாசல்பக்கத்து அறைக்கு வெள்ளையடித்துவிட்டேன். சுவரோரம் அவர் பிடித்து நடக்கக் கம்பியும் போட்டிருக்கிறேன்.


பிப்ரவரி 12

தபால் பிரிவு ஐயாவுக்கு,

‘அன்புள்ள’வை அடித்துவிட்டேன்.

தோற்றால்தான் என்னவா? போன வருடம் நான் கிளம்பியபோதும் இதையேதான் சொன்னீர்கள். “வித்துட்டு வந்துடு.” அப்பா வாய்பேச முடியாமல் படுத்திருந்தார், நீங்கள் வண்டிக்கு விலை விசாரித்தீர்கள். இப்போது சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டு நான் தோற்கக் காத்திருக்கிறீர்கள். அந்தக் கம்பியைப் பற்றி எழுதாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தில் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டியிருப்பேன்.

முதல் விசாரணை நடந்தது. உங்கள் அரசு வக்கீல் எழுந்து, “என்ன நிபந்தனை போடறதுங்கிறது இலாகாவோட உரிமைங்க. கோர்ட் தலையிட முடியாது” என்றார். ஜட்ஜ் ஒரு பெண்மணி. கண்ணாடியைக் கழற்றாமல் கேட்டார்: “உரிமை இருக்கு, யாரு இல்லேன்னா? பதினாலு கிலோமீட்டர் தடத்துக்கு இருநூறு கிலோமீட்டர் அனுபவம் எதுக்கு? காரணம் இருக்கா?”

“கோப்புல இருக்குங்க.”

“அப்ப எழுத்துல குடுங்க. கோப்பையும் கொண்டு வாங்க. அதுவரைக்கும் யாருக்கும் ஒப்பந்தம் குடுக்கக் கூடாது.”

ஆறு வாரம் கொடுத்திருக்கிறார். வெளியே வந்ததும் வக்கீல் அம்மா என் சந்தோஷத்தில் தண்ணீர் ஊற்றினார். இந்த மாதிரி வழக்குகளில் பத்துக்கு எட்டு தோற்குமாம். இலாகா ஏதாவது ஒரு காரணம், சுமாரான காரணம் காட்டிவிட்டால் போதுமாம், கோர்ட் விட்டுவிடும். உங்கள் ஆட்களுக்குக் காரணம் எழுதவா தெரியாது?

கோர்ட் வராந்தாவில் ஒருத்தர் கைநிறையக் கோப்போடு போனார். முதுகு உங்கள் முதுகு. பத்தடி பின்னாலேயே போய்விட்டேன். அவர் திரும்பினார், பெரிய மீசை. எனக்கு அழுகை வந்த வேகத்தைப் பார்த்து அந்த மனுஷன் பயந்துவிட்டார்.


மார்ச் 6

உனக்கு,

இதை ஒரு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது இரண்டாவது.

நேற்று டெண்டர் பிரிவு சூப்பிரண்டு கூப்பிட்டார். மேஜையில் மூன்று பக்கப் பதில் மனு. “மேலதிகாரி கோர்ட்டுக்குக் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, டெண்டர் டிராப்ட் போட்டவர் ‘காரணங்கள் சரி’ன்னு கோப்புல எழுதணும். நீங்கதானே போட்டீங்க? ஒரு வரி எழுதிடுங்க” என்றார். வாங்கிப் படித்தேன். நெடுந்தூரம் ஓட்டியவர்களுக்குத்தான் நேரம் தவறாத பழக்கம் இருக்கும், பெரிய வண்டி வைத்திருப்பவர்களுக்குத்தான் பராமரிப்பு தெரியும் என்பதையெல்லாம் இலாகா ஆழ்ந்து பரிசீலித்ததாம். ‘ஆழ்ந்து பரிசீலித்து’ மூன்று இடத்தில் இருந்தது. படித்து முடித்தபோது எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

யாரும் எதையும் பரிசீலிக்கவில்லை. அது நான் எடுக்க மறந்த வரி.

எங்கள் பிரிவில் புது டெண்டர் என்று ஒன்று கிடையாது. பழைய ஒன்றைத் திறந்து, வேறு பெயரில் சேமித்து, தேதியையும் தடத்தையும் மாற்றுவோம். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான், அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான். நான் திறந்தது வெளியூர் பேருந்து டெண்டர். ஆறு நிபந்தனைகளை மாற்றினேன். ஏழாவது அடுத்த பக்கத்தில் இருந்தது. அன்றைக்கு மார்ச் பதினான்கு, மணி மூன்றரை. நாலு மணிக்கு உன் பஸ்.

பக்கத்தைப் புரட்டாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிவந்தேன். அதற்கப்புறம் ஜனவரி வரைக்கும் அது எட்டு மேஜை ஏறி இறங்கியது. எட்டுப் பேரும் என் கையெழுத்தைப் பார்த்துத் தங்கள் கையெழுத்தைப் போட்டார்கள்.

நான் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போது உன் பஸ் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தது. நீ ஜன்னலில் தலையை நீட்டி, “வந்து கூப்பிட்டாத்தான் வருவேன்” என்றாய். நான் பதில் சொல்லாமல் நின்றேன். அதை நீ பிடிவாதம் என்று நினைத்தாய். அது மூச்சு. ஆபீஸிலிருந்து ஓடிவந்த மூச்சு. ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. அப்புறம் லீவு கிடைக்கவில்லை என்று நான் உன்னிடம் சொன்னதெல்லாம் பாதிதான் உண்மை. வந்து கூப்பிட்டு நீ முடியாது என்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் மீதிப் பாதி.

இனிமேல் சொல்லப்போவது கெட்டது. அந்த ஒரு வரியை எழுதினால் நீ தோற்பாய். தோற்றால் வருவாய். உண்மையை எழுதினால் நீ ஜெயிப்பாய், ஐந்து வருட ஒப்பந்தம், ஐந்து வருடம் அங்கேயே இருப்பாய். என் கையாலேயே உன்னை அனுப்பிவைத்த மாதிரி ஆகும். நேற்றிலிருந்து பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். வேலை போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது, ஆனால் சத்தியமாக அது இரண்டாவது பயம்தான்.

இந்தக் கடிதத்தை உன் வக்கீலிடம் கொடுத்துவிடு. எனக்குத் தைரியம் வந்தாலும் வராவிட்டாலும் உன் காரியம் முடிந்துவிடும்.


மார்ச் 14

அன்புள்ள உங்களுக்கு,

இன்றோடு ஒரு வருடம்.

கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன். புருஷன் எழுதிய கடிதத்தை நீட்டி வழக்கு ஜெயித்தவள் என்ற பெயர் எனக்கு வேண்டாம். அதைவிட, ‘அது மூச்சு’ என்று நீங்கள் எழுதியதை அந்த ஜட்ஜ் அம்மாளும் அரசு வக்கீலும் மாற்றி மாற்றிப் படிக்கக் கூடாது. அதை நான்தான் படிக்க வேண்டும். எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன், உங்களுக்குத் தலைக்கனம் ஏறிவிடும்.

ஓடி வந்தீர்களா! ஒரு வருடமாக என் மனசில் நீங்கள் கல் மாதிரி நின்றுகொண்டிருந்தீர்கள். எத்தனை நாள் அந்தக் கல்லோடு சண்டை போட்டிருப்பேன்!

எழுதுவதும் எழுதாததும் உங்கள் பாடு. ‘காரணங்கள் சரி’ என்று எழுதினால் நான் தோற்று வருவேன். உங்களோடு பேசுவேன், சிரிப்பேன், குழாய்க்கு வாஷர் மாற்றச் சொல்வேன். ஆனால் பொறுமை அண்ணனும் மற்ற ஆறு டிரைவர்களும் எங்கே போனார்கள் என்று நினைக்காமல் உங்களால் என் முகத்தைப் பார்க்க முடியுமா? உங்களை எனக்குத் தெரியும். ஒரு வாரம் தாங்கமாட்டீர்கள்.

நீங்கள் கெட்டதைச் சொன்னதால் நானும் ஒன்று சொல்கிறேன். போன மாதம் கோர்ட்டுக்குப் போகும்போது, தோற்றால் நல்லது, வீட்டுக்குப் போய்விடலாம் என்று பஸ்ஸில் நினைத்தேன். ஒரே நிமிஷம்தான். இறங்குவதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.


மார்ச் 27

அன்புள்ள முதலாளிக்கு,

எழுதிவிட்டேன். கோப்பின் கடைசிப் பக்கத்தில், இப்படி: ‘மேற்படி நிபந்தனை பழைய ஆவணத்திலிருந்து தவறுதலாக இடம்பெற்றது. மேற்படி காரணங்கள் எதுவும் அப்போது பரிசீலிக்கப்படவில்லை. மேற்படி தவறு என்னுடையது.’ மூன்று மேற்படி. நீ சிரிப்பாய் என்று தெரிந்தேதான் போட்டேன்.

சூப்பிரண்டு படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். “சம்சாரத்துக்காகப் பண்றீங்களா?”

“இல்ல சார். சம்சாரத்துக்காகன்னா ‘சரி’ன்னு எழுதியிருப்பேன்.”

அவருக்குப் புரியவில்லை. விளக்கம் கேட்டு மெமோ வந்துவிட்டது. அதற்கு நானே முத்திரை குத்தி நானே வாங்கிக்கொண்டேன். இந்தத் தடவை நேராக விழுந்தது.


ஏப்ரல் 19

அன்புள்ள உங்களுக்கு,

ஜெயித்துவிட்டோம்.

அரசு வக்கீல் அந்த மூன்று பக்கத்தையும் விடாமல் படித்தார். ஜட்ஜ் பாதியில் கோப்பைக் கேட்டார். பின்னாலிருந்து புரட்டுகிற பழக்கம் போலிருக்கிறது, கடைசிப் பக்கம் முதலில் அகப்பட்டது. இரண்டு தடவை படித்தார். “இதப் பார்த்தீங்களா?” என்று கேட்டார். அரசு வக்கீல் பார்த்திருக்கவில்லை. ஜட்ஜ் சொன்னார், நிபந்தனை போடுவது இலாகாவின் உரிமை, அதில் கோர்ட் கை வைக்காது, ஆனால் யாருமே யோசிக்காமல் வந்து உட்கார்ந்துகொண்ட நிபந்தனைக்கு அந்த மரியாதை கிடையாது. ஏழாவதை எடுத்துவிட்டுப் புதிதாக டெண்டர் போட வேண்டும்.

“இதை எழுதின உதவியாளர் யாரு, இங்க இருக்காரா?” என்றும் கேட்டார். இல்லை என்றார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன், இல்லை என்று தெரிந்தே பார்த்தேன். எல்லாரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பொறுமை அண்ணன் கோர்ட் வாசலில் நீளமாக ஒரு ஹாரன் அடித்தார், அவர் அடித்து இன்றுதான் கேட்கிறேன். எனக்கு யாரிடம் சொல்ல வேண்டுமோ அந்த ஆள் மட்டும் அங்கே இல்லை.

உங்களுக்கு என்ன ஆகும்? மறைக்காமல் எழுதுங்கள்.


மே 25

அன்புள்ள முதலாளிக்கு,

வேலை போகவில்லை. ஒரு வருட சம்பள உயர்வு நிறுத்தம். கூடவே மாற்றல். உன் ஒப்பந்தத்தோடு எனக்கு ஒட்டும் இருக்கக் கூடாது உறவும் இருக்கக் கூடாது என்று கிழக்குக் கோடியிலுள்ள டிப்போவின் உதிரிபாக ஸ்டோருக்கு அனுப்பிவிட்டார்கள். வந்து ஒரு வாரமாகிறது. பிரேக் லைனிங்கும் பேன் பெல்ட்டும் அடுக்கியிருக்கிற தகரக்கூரை அறை. தங்குவதற்கு மாடியில் ஒற்றை அறை, ஒரு கட்டில், ஒரு நாற்காலி. உன் பச்சை செருப்பைக் கொண்டுவந்து வாசலில் போட்டிருக்கிறேன். எதிர் அறைக்காரர் “வீட்ல வந்திருக்காங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். திருத்திக்கொள்ள நேரமிருந்தது, திருத்தவில்லை.

பழைய வீட்டைக் காலி செய்தபோது குழாய்க்கு வாஷர் மாற்றிவிட்டு வந்தேன். மாமாவுக்குப் போட்ட கம்பியை மட்டும் கழற்ற மனசு வரவில்லை.

இங்கிருந்து உன் ஊருக்கு நேர் பஸ் கிடையாது. மூன்று மாற வேண்டும், பதினாறு மணி நேரம். ஆகஸ்ட் வரைக்கும் லீவு தரமாட்டார்கள். ஆகஸ்டில் வந்து உன்னைக் கூப்பிடுவேன். நீ வர முடியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வாசலில் நின்று “வா, போகலாம்” என்பேன். நீ முடியாது என்று சொல். அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.


ஜூன் 16

அன்புள்ள உங்களுக்கு,

புது டெண்டரில் மொத்தம் பதினோரு தடம், அதில் ஆறு நமக்குக் கிடைத்துவிட்டது. ஐந்து வருடம். அப்பாவிடம் சொன்னேன், வண்டி ஏழையும் பார்க்க வேண்டுமென்று கோலை ஊன்றிக்கொண்டு ஷெட் வரைக்கும் நடந்தார். யாரும் பிடிக்கவில்லை.

அங்கே உட்கார்ந்தபோது கேட்டேன்: “ஏம்ப்பா, நான் சின்னப் பொண்ணா இருக்கறப்ப அம்மா ஒரு தடவை கோவிச்சுக்கிட்டுப் போனாளே. என்ன சொல்லிட்டுப் போனா?”

“வந்து கூப்பிட்டாத்தான் வருவேன்னா.”

“நீங்க போனீங்களா?”

“அஞ்சு மாசம் போகலே.”

“அம்மா ஏன் அப்படிச் சொன்னா?”

“யாருக்குத் தெரியும்? அவங்கம்மா அப்படித்தான் சொல்லுவாங்களாம்.”

உங்கள் இலாகாவைக் கோர்ட்டுக்கு இழுத்தவள் நான்! அன்றைக்கு ஜன்னலில் தலையை நீட்டி அதைச் சொன்னபோது ஒரு நிமிஷம் யோசித்தேனா? பழைய கோப்பிலிருந்து அப்படியே எடுத்துச் சொல்லியிருக்கிறேன். காரணம் என்ன என்று இப்போது யாராவது கேட்டால் காட்ட என்னிடம் ஒரு வரி இல்லை. பதினைந்து மாதம் அதைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன்.

அதை எடுத்துவிட்டேன். நீங்கள் வந்து கூப்பிட வேண்டாம். ஆகஸ்ட் வரைக்கும் என்னால் முடியாது.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு இங்கே பஸ் ஏறுகிறேன். மூன்று மாறி ஞாயிறு காலை பத்து மணிக்கு அங்கே இருப்பேன். திங்கள் காலை உங்கள் இலாகா ஆட்கள் வண்டிகளைச் சோதிக்க வருகிறார்கள், அதற்குள் திரும்ப வேண்டும். அதனால் நாலு மணி பஸ். நமக்கு ஆறு மணி நேரம் இருக்கிறது. அதற்கப்புறம் எப்போது என்று எனக்குத் தெரியாது, அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

செருப்பை வாசலிலேயே விட்டு வையுங்கள், போட்டுப் பார்க்க வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குச் சீக்கிரமே வந்துவிடுங்கள். ஒன்பது மணிக்கே வந்து உட்கார்ந்துகொள்ளுங்கள். ஓடி வராதீர்கள். நான் இறங்கும்போது நீங்கள் ஒரு வார்த்தை பேச வேண்டும், மூச்சு வாங்காமல்.

உங்கள்
மேற்படி மனைவி